முன் சக்கரம் சுங்கை சோவில்

புக்கிட் ரோத்தான்,
5.6.2023

அன்புள்ள லீலாவுக்கு,

உன் கால் வீக்கம் வடிந்ததா? அதைக் கேட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன். போன வாரம் நம் மகள் உஷா தொலைபேசியை உன்னிடம் கொடுத்தபோது நீ ஏதோ நீளமாகச் சொன்னாய். எனக்குக் காற்று அடிப்பது போலத்தான் கேட்டது. காதுக் கருவிக்குப் பக்கத்தில் தொலைபேசியைக் கொண்டுபோனாலே விசில் அடிக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று "சரி, சரி" என்று சொல்லிவைத்தேன். எதற்குச் சரி சொன்னேன் என்று தெரியாமல் இரண்டு நாள் யோசனையாகவே இருந்தது. இனிமேல் கடிதத்தில் பேசுவோம். உறையும் தபால்தலையும் உள்ளே வைத்திருக்கிறேன். உஷாவிடம் கேட்க வேண்டாம்.

நான் சைக்கிளில் போவது உனக்குக் கவலை என்று அவள் இங்கே வந்திருந்தபோது சொன்னாள். கண் மருத்துவர் காரை விட்டுவிடச் சொன்னார், சைக்கிள் மட்டும் எப்படி என்று நீ கேட்பாய். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். எனக்குப் போனது இடது பக்கப் பார்வை. சைக்கிளில் போகும்போது என் இடது பக்கம் இருப்பது வாய்க்கால் ஒன்றுதான். அது நகராது. காரில் போய் ஒருவரை இடித்தால் அவர் விழுவார். சைக்கிளில் போய் இடித்தால் நான்தான் விழுவேன். இந்த நியாயம் சரியென்றுதான் தோன்றுகிறது. தவறாகவும் இருக்கலாம்.

பயப்படும்படி ஒன்றும் செய்யவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓய்ந்த பிறகுதான் புறப்படுகிறேன். முடிந்தவரை தோட்டத்து உள்பாதையில் போகிறேன். முச்சந்தி வந்தால் இறங்கி, தள்ளிக்கொண்டு கடந்து, மறுபடி ஏறுகிறேன். சாலை போடுபவர்கள் அணியும் ஆரஞ்சுச் சட்டை ஒன்று வாங்கி மாட்டிக்கொள்கிறேன். அரிசி, மருந்து, தபால், கோயில் எல்லாமே சைக்கிளில் முடிகிறது. மளிகைக் கடை தேவன் தினமும் ஏதாவது சொல்லாமல் விடுவதில்லை. "என்னா ஐயா, ரோடு போட வந்தீங்களா, சாமான் வாங்க வந்தீங்களா?" என்கிறான். பதில் சொல்ல எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றுகிறது.

கார் இருந்தவரை வாரம் மூன்று முறை உன்னைக் கிள்ளானுக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போய் வந்தேன். கண் போய், கார் போய், நீயும் மகள் வீட்டுக்குப் போன பிறகு இந்த வீட்டுக்குப் புதிதாக வந்த ஒரே பொருள் இந்தச் சைக்கிள். கூடத்தில்தான் நிறுத்துகிறேன்.

நம் கஞ்சில் கார் தினமும் எதிரே வருகிறது. நம் கஞ்சில் என்று எழுதக் கூடாது, இப்போது அது மூன்றாம் வீட்டு அழகேசனுடையது. கோல சிலாங்கூர் சந்தையில் தோசைக் கடையை முடித்துக்கொண்டு அவர் திரும்பும் நேரமும் நான் கடைக்குப் போகும் நேரமும் ஒன்றாக இருக்கிறது. என்னைக் கண்டால் ஹாரன் அடிக்கிறார். நான் வழியை அடைக்கிறேன் போலிருக்கிறது. இன்னும் ஓரமாகப் போகப் பழக வேண்டும்.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். கோல சிலாங்கூர் டயாலிசிஸ் மையத்தில் உன் பெயரைப் பதிந்து வைத்தோமே, அங்கே ஓர் இடம் காலியாகியிருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி. காலை முதல் வேளை. அடுத்த பெயர் உன்னுடையதாம். அங்குள்ள தாதி, மிஸ்ஸி நோரைனி, நேரில் சொன்னார். இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். "யார் அழைத்து வருவார்கள்?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உன் எண்ணம் என்ன என்று எழுது. அவசரமில்லை.

சிவானந்தம்

*

சுங்கை சோ,
9.6.2023

உஷா அப்பாவுக்கு லீலாவதி எழுதுவது.

முதலில் எழுத வேண்டியதைக் கடைசியில் எழுதும் பழக்கம் உங்களை விட்டுப் போகாது. லோரி, முச்சந்தி, ஆரஞ்சுச் சட்டை எல்லாம் படித்து முடித்தால், போகிற போக்கில் "இன்னொன்று" என்று என் உயிரை எழுதியிருக்கிறீர்கள். அவசரமில்லையாம்.

எனக்கு அவசரம்தான். மகளும் மருமகனும் என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போகும்போது வெளிக் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். திருட்டு அதிகமாம். "ம்மா, நீங்க யாருக்கும் தொறந்து விட்ருவீங்க, அதான்லா" என்கிறாள் உஷா. உண்மைதான், நான் திறந்து விட்டுவிடுவேன். டயாலிசிஸ் ஊசி போடும் நாளில் மருமகன் திவாகரன் போகிற வழியில் மையத்தில் இறக்கிவிடுகிறார். திரும்பும்போது மையத்து வேன். அதை ஓட்டும் ராஜு, மருமகன் கொடுத்துவைத்த சாவியால் திறந்து, என்னை வீட்டுக்குள் விட்டு, வெளியே பூட்டி, சாவியைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கம்பிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிர் வீட்டு நாய்க்கும் எனக்கும் ஒரே மாதிரி நிலைமை. அதுவாவது குரைக்கிறது.

இந்தக் கடிதத்தை ராஜுதான் தபாலில் போடுகிறார். "என்னாம்மா, லவ் லெட்டரா?" என்றார். "ஆமாய்யா, நாப்பத்தாறு வருசமா இழுத்துக்கிட்டு இருக்கு, இன்னும் சரின்னு பதில் வரல" என்றேன். வேன் முழுக்கச் சிரிப்பு.

சரி என்று சொல்லுங்கள். கடிதம் கிடைத்த அன்றே போய்ச் சொல்லுங்கள். யார் அழைத்து வருவது என்று யோசிக்க என்ன இருக்கிறது? அழகேசன் விடியற்காலையில் தோசை மாவோடு டவுனுக்குப் போகிறார். அவர் கடைக்குப் பின் தெருவில்தான் மையம். பதினொரு மணிக்குக் கடையைக் கட்டுகிறார். எனக்கும் அந்த நேரத்தில்தான் ஊசி எடுப்பார்கள். கடவுளே உட்கார்ந்து நேரம் ஒதுக்கிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. நீங்கள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கால் வீக்கம் அப்படியேதான்.

லீலாவதி

*

புக்கிட் ரோத்தான்,
13.6.2023

அன்புள்ள லீலாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ சொல்வது எல்லாம் சரி. இருந்தாலும் அழகேசனிடம் கேட்பதில் எனக்கு உள்ள சங்கடத்தையும் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

காரை ஒப்படைத்த அன்று நீ மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாய். நான் கோயில் வாசலில் வைத்து, தட்டில் வெற்றிலை பாக்கும் எலுமிச்சம்பழமும் சாவியும் வைத்துக் கொடுத்தேன். "இனி இது உங்கள் வண்டி. எங்களுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை" என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். விற்றவன் பின்னால் வந்து உரிமை கொண்டாடுவான் என்று வாங்குபவருக்கு ஒரு பயம் இருக்குமே, அது இருக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். இப்போது அந்த வண்டியிலேயே என் மனைவியை ஏற்றிப் போங்கள் என்று எப்படிக் கேட்பது? வண்டியை விற்றுவிட்டு ஓட்டுநரை வாங்கிக்கொண்டார் என்று அவர் நினைக்க மாட்டாரா? நினைக்கும் மனிதர் இல்லைதான். ஆனால் நான் அப்படி நினைக்க இடம் கொடுத்தவன் ஆவேன்.

இது ஒரு நாள் உதவியும் இல்லை. வாரம் மூன்று நாள், எத்தனை வருடம் என்று தெரியாது. முதல் மாதம் மனமாரச் செய்வார். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல் வரும், ஒரு நாள் ஊருக்குப் போக நேரும். உனக்காக அவர் கடையைத் திறக்க வேண்டும், உனக்காக மூட வேண்டும். இப்போதே என்னைப் பார்த்தால் ஹாரன் அடிக்கிறார்.

ஆகவே நானே செய்யக்கூடிய வழி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே. சைக்கிளின் பின் இருக்கையை மோட்டார் பட்டறையில் கொடுத்து அகலப்படுத்தினேன். கால் வைக்க இரண்டு பக்கமும் கம்பி ஒட்டிக் கொடுத்தார்கள். உன் பழைய தலையணையை மடித்து, ரப்பர் கயிற்றால் மெத்தை போலக் கட்டியிருக்கிறேன். ஊசி எடுத்த பிறகு உனக்குத் தலை சுற்றும் என்பதை மறக்கவில்லை. அதற்காக என் இடுப்போடு சேர்த்துக் கட்ட ஒரு பட்டை தைத்திருக்கிறேன். தையல் கோணலாகத்தான் வந்திருக்கிறது.

உன்னை வைத்துப் பழக முடியாது என்பதால், உன் எடைக்குச் சமமாக அரிசி மூட்டைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காலையில் கோயில் திடலைச் சுற்றி வருகிறேன். தேவன் மூட்டைகளைக் கடனாகக் கொடுத்தான். "யாருக்கு ஐயா இவ்வளவு சோறு?" என்றான். உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அன்னதானம் என்று சொல்லிவிட்டேன். அவனும் நன்கொடையாக ஒரு மூட்டை தருகிறேன் என்கிறான்.

திடலில் நன்றாகவே வருகிறது. திரும்பும்போது மட்டும் மூட்டை ஒரு பக்கம் இழுக்கிறது. நாளை மறுநாள் சாலையில் முயன்று பார்க்கிறேன். டவுன் வரை தடுமாறாமல் போய்விட்டால், அங்கிருந்தே மிஸ்ஸியிடம் சரி என்று சொல்லிவிட்டு வருவேன். இன்னும் நாள் இருக்கிறது.

சிவானந்தம்

*

சுங்கை சோ,
17.6.2023

உஷா அப்பாவுக்கு,

உங்கள் சைக்கிளின் முன் சக்கரம் இங்கே செருப்பு அடுக்குக்குப் பின்னால் நிற்கிறது.

நேற்றுச் சாயங்காலம் திவாகரன் அதைக் கார் பின்னாலிருந்து எடுத்து வந்து சுவரில் சாய்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. சேறு காய்ந்து அரிசி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் புரிந்தது. நகராது என்று எழுதினீர்களே, அந்த வாய்க்காலுக்குள்தானே போய் விழுந்தீர்கள்?

விலாவில் அடியாமே. மூச்சு இழுத்தால் வலிக்கிறதா? படம் எடுத்துப் பார்த்ததில் முறிவு இல்லை என்கிறாள் உஷா. அவள் எனக்குப் பாதிதான் சொல்வாள். வாய்க்காலில் இறங்கி உங்களைத் தூக்கியது அழகேசன், உஷாவுக்குப் போன் செய்ததும் அழகேசன், ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனதும் அதே கார். கடைசியில் அந்தக் காரில் ஏறத்தானே செய்தீர்கள்? கேட்டு ஏற வேண்டியதை விழுந்து ஏறினீர்கள்.

நீங்கள் கட்டிலில் படுத்திருக்க, மருமகன் சக்கரத்தைக் கழற்றினாராம். அவரே சொல்லிச் சிரித்தார். "மாமா கோவிச்சுக்காதீங்க, ரெண்டு சக்கரமும் இருந்தா நீங்க மறுபடியும் ஏறுவீங்க" என்று சொன்னாராம். நீங்கள் "சரி, சரி" என்றீர்களாம். அதுவாவது காதில் விழுந்து சொன்னீர்களா?

என்னை அரிசி மூட்டை ஆக்கிவிட்டீர்கள் என்று ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். பிறகு அந்த இடுப்புப் பட்டையை நினைத்துக்கொண்டேன். ஊசியில் நூல் கோக்கவே உங்களுக்குக் கண் தெரியாதே, யாரிடம் கோத்து வாங்கினீர்கள்?

கோல சிலாங்கூர் இடத்தைப் பற்றி உஷாவிடம் நானே சொன்னேன். "ம்மா, அப்பாவாலயே அப்பாவ பாத்துக்க முடியல. உங்கள யாரு பாக்குறது? ஏதாவது ஒண்ணுன்னா நான் வேலைய போட்டுட்டு அங்க ஓடணும். புரிஞ்சிக்கோங்கம்மா, ப்ளீஸ்லா" என்று அழுதாள். அவள் மேலும் தப்பில்லை. முகம் கறுத்துப்போய்க் கிடக்கிறாள்.

அழகேசன் அழைத்துப் போக ஒப்புக்கொண்டால் விடுவாயா என்று கேட்டேன். "அவரு வாயால சொல்லட்டும், பாப்போம்" என்றாள்.

இருபதாம் தேதி நெருங்கிவிட்டது. மூன்று வீடு தள்ளிப் போவதற்குச் சக்கரம் தேவையில்லை. அவர் வாசலில் போய் நில்லுங்கள். ஒரே ஒரு வார்த்தை.

லீலாவதி

*

புக்கிட் ரோத்தான்,
22.6.2023

அன்புள்ள லீலாவுக்கு,

இந்த முறை முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே எழுதுகிறேன். இடம் போய்விட்டது.

உன் கடிதம் இருபதாம் தேதி மாலையில் கிடைத்தது. அதற்கு முன் நானாகவே போய்க் கேட்டிருக்கலாம். நாலு நாள் படுக்கையில் இருந்தேன் என்று காரணம் சொல்லலாம், ஆனால் மூன்று வீடு தள்ளி நடக்க முடியாத அளவுக்கு வலி இல்லை. ஒவ்வொரு நாளும் வாசல் வரை போனேன். அவர் வீட்டில் விருந்தாளி இருப்பது போல இருக்கும், அல்லது மாவு அரைக்கும் நேரமாக இருக்கும். திரும்பி வந்துவிடுவேன்.

நேற்று விடியற்காலை அவர் காரில் மாவு வாளிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனத்தில் எழுதி வைத்திருந்தேன். "அழகேசன், உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்" என்பது வரை சொன்னேன். அவர் என்னை முடிக்கவிடவில்லை.

"ஏறுங்கய்யா மொதல்ல. எங்கன்னு பிறகு சொல்லுங்க."

வண்டியில் போகும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் காது பக்கம் குனிந்து சத்தமாகப் பேசினார். "ஐயா, நான் ரெண்டு மாசமா எதுக்கு ஹாரன் அடிக்கிறேன்னு நெனச்சீங்க? ஏறிக்கோங்கன்னு சொல்லத்தான். நீங்க என்னடான்னா ஹாரன் கேட்டாலே வாய்க்கா ஓரமா ஓடுறீங்க. ஒரு நாளு நிறுத்தி எறங்கி வந்தேன், நீங்க சைக்கிள தள்ளிக்கிட்டு செம்பனைக்குள்ள பூந்துட்டீங்க. ஐயாவுக்கு காரு வித்த வருத்தம் போலன்னு விட்டுட்டேன்."

உன்னை அழைத்துப் போவது பற்றிக் கேட்டேன். "வாரத்துக்கு மூணு நாளு என்னா, ஆறு நாளும் அந்த ரோட்லதான போறேன். அம்மா வந்தா எனக்குப் பேச்சுத் தொணையாச்சு. நீங்க வந்தா மூச்சே விட மாட்டீங்க" என்றார்.

முன் இருக்கையில் ஒரு மாவு வாளிக்கு பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்தார். அதை எடுத்து என் மடியில் கொடுத்தார். இருக்கை நீ வசதிக்கு முன்னால் இழுத்து வைத்திருந்தபடியே இருக்கிறது. என் முழங்கால் இடித்தது. பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள் என்றார். இருக்கட்டும் என்றேன்.

மையம் திறக்கும்வரை அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். மிஸ்ஸி நோரைனி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "பாக்சிக், உங்களுக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுத்தீர்கள், சரி, சரி என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். வருவீர்கள் என்று நேற்று மாலை வரை காத்திருந்தேன்" என்றார். முந்தின மாலையில்தான் அந்த இடத்தைத் தஞ்சோங் காராங்கைச் சேர்ந்த ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் போனபோது அவர் உள்ளே படுத்திருந்தார். கண்ணாடி வழியாகக் கால்கள் மட்டும் தெரிந்தன. வயது குறைந்தவரின் கால்கள்.

மிஸ்ஸி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். உன் பெயரை மறுபடியும் முதலில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த இடம் எப்போது என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார்.

அழகேசன் கடையில் எனக்கு இரண்டு தோசை வைத்தார். சாப்பிட்டேன்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான் வாகனத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். வாகனம் தினமும் ஹாரன் அடித்துக்கொண்டு என்னைக் கடந்து போயிருக்கிறது.

சிவானந்தம்

*

சுங்கை சோ,
26.6.2023

உஷா அப்பாவுக்கு,

திட்டுவதற்குத்தான் காகிதம் எடுத்தேன். மூன்று நாள் எடுத்து எடுத்து வைத்தேன். வரவில்லை.

இங்கே என் பக்கத்து நாற்காலியில் இராஜம்மா என்று ஒருத்தி. கோலா குபு பாரு பக்கத்திலிருந்து வருவாள். ஊசி குத்தும்போது எங்கள் இரண்டு பேருக்கும் யார் முகத்தைச் சுளிப்பது என்று போட்டி. போன வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. இன்றைக்கு அந்த நாற்காலியில் ஒரு புது அம்மா உட்கார்ந்திருந்தார். பாவம், பயந்துபோய் இருந்தார். அவர் மகன் எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிட்டான். இடம் கிடைத்த சந்தோஷம்.

மிஸ்ஸி ஏன் பேனாவை மூடினார் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். ஓர் இடம் காலியாவது அப்படித்தான். நான் வீட்டுக்கு வர வேண்டும் என்று சாமியிடம் கேட்டால், கோல சிலாங்கூரில் யாரோ ஒருவர் போக வேண்டும் என்று கேட்டதாக ஆகிவிடுகிறது. அதனால் இரண்டு நாளாக ஒன்றும் கேட்கவில்லை. விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்களும் கேட்காதீர்கள். தஞ்சோங் காராங் ஆளின் கால்கள் நன்றாக இருக்கட்டும்.

இப்போது சக்கரத்தைப் பற்றி.

பகலெல்லாம் அது என் எதிரேதான் இருக்கிறது. ஈரத்துணியால் சேற்றைத் துடைத்தேன். அரிசியை ஒவ்வொன்றாக எடுத்தேன். சில நேரம் அச்சைப் பிடித்துத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன். நன்றாக ஓடுகிறது, எங்கும் உரசவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் பூட்டிக்கிடப்பது போதாது என்று நீங்களும் அங்கே பூட்டிக்கிடக்கிறீர்களே என்று தோன்றியது.

நேற்றிரவு சோற்றுக்கு உட்கார்ந்தபோது சொன்னேன். "அந்தச் சக்கரத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் புதன்கிழமை நான் ஊசிக்குப் போக மாட்டேன்" என்றேன். சத்தம் போடவில்லை. உஷா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். திவாகரன்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தை, இப்படி மிரட்டினா நாங்க என்னா பண்றது?" என்றார். "என்கிட்ட வேற என்னா இருக்கு மிரட்ட?" என்றேன். மகளை அழவைத்தது எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் அதைத்தான் சொன்னேன்.

ஒப்புக்கொண்டார்கள். பெரிய சாலையில் போகக் கூடாது. பின்னால் எதையும் ஏற்றக் கூடாது. அரிசியென்றால் ஒரு சின்னப் பை, முன் கூடையில். இதற்குச் சம்மதமென்றால் சக்கரம் உங்களுக்கு.

செவ்வாய்க்கிழமை அழகேசனுக்குக் கடை இல்லை. அடுத்த செவ்வாய் அவரோடு வந்து எடுத்துப் போங்கள். வருவதற்கு அவரிடம் கேட்க வேண்டும். கேட்பீர்கள்தானே?

லீலாவதி

*

புக்கிட் ரோத்தான்,
5.7.2023

அன்புள்ள லீலாவுக்கு,

நேற்று உன்னைப் பார்த்துவிட்டு வந்து இன்றைக்கே கடிதம் எழுதுவது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே நீ பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. நான் பேச நினைத்ததில் முக்கால்வாசியை நான் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை நீ வீட்டுக்குள் பூட்டப்பட்டிருப்பாய் என்பது உனக்கும் நினைவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. காரைவிட்டு இறங்கியபோது நீ கம்பிக்குப் பின்னால் நின்று சிரித்தாய். பிறகுதான் பூட்டைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாய். நீ உள்ளே நாற்காலியில், நான் வெளியே படியில். கம்பி இடைவெளியில் தேநீர்க் கோப்பை வந்தது, முறுக்கு வந்தது. சக்கரம் வரவில்லை. நீ அதைச் சாய்த்தும் படுக்கவைத்தும் பார்த்தாய். வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீ பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"பொண்ணுக்கு ஒரு போன் போடட்டுமா ஐயா?" என்று அழகேசன் கேட்டபோது, வேலையில் இருப்பாள், வேண்டாம் என்று வாய் வரை வந்தது. நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "போடுங்கள்" என்றேன். சின்ன வார்த்தைதான். நீ கவனித்திருப்பாய்.

மதிய இடைவேளையில் உஷா ஓடி வந்து பூட்டைத் திறந்தபோது அவள் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. அவள் உனக்கென்று ஒரு சாவியை எடுத்து உன் கையில் வைத்தாள். "யாருக்கும் தொறக்காதீங்கம்மா" என்றாள். பிறகு என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு மறுபடி வேலைக்குப் போனாள். ஒரு பொத்தானைத் தவறாகப் போட்டிருந்திருக்கிறேன்.

திரும்பும்போது சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உன் இருக்கையில் உட்கார்ந்து வந்தேன். சேறில்லாமல் துடைத்திருந்தாய். இன்று காலை மாட்டிவிட்டேன். பட்டறைக்காரர் சரியாக இருக்கிறது என்றார். நான் இன்னொரு முறையும் திருகிப் பார்த்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதுதான் அடுத்த வேலை. உள்பாதையிலேயே போய், இங்குள்ள சின்னத் தபால் நிலையத்தில் போடுவேன். பெரிய சாலைக்குப் போக மாட்டேன்.

தேவனிடம் அன்னதானம் இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் கேலி செய்யவில்லை. வாய்க்காலில் போன அரிசிக்குக் காசும் வாங்கவில்லை. "அம்மா எப்ப வர்றாங்க?" என்று மட்டும் கேட்டான். நீ கேட்கக் கூடாது என்று எழுதியதை நினைத்துக்கொண்டு, "தெரியவில்லை" என்றேன். அதுதான் உண்மையும்கூட.

இன்று காலை பட்டறையிலிருந்து திரும்பும்போது அழகேசன் எதிரே வந்தார். ஹாரன் அடித்தார். நான் இறங்கி நின்று கையைத் தூக்கினேன். அவரும் தூக்கினார். அதற்கு மேல் எங்களுக்குள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் போய்விட்டோம்.

பின் இருக்கையில் கட்டிய தலையணையை அவிழ்த்துவிடும்படி திவாகரன் சொல்லியிருக்கிறார். பின்னால் எதையும் ஏற்றப்போவதில்லை என்பதால் அது நியாயம்தான். இன்று அவிழ்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ரப்பர் கயிறு முடிச்சு இறுகிப்போயிருக்கிறது. மத்தியானம் மழை வருவது போலிருந்தது. தலையணை நனையாமல் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு மூடிவைத்தேன்.

சிவானந்தம்